சீசன் கடைசில நாலு நாள் ஸ்னோமொபைல் டூர் - என் பெட்ரோல் கணக்கு சரியா?

புதுக்கை:

வணக்கம் மக்களே. மூணு சீசனா ஸ்னோமொபைல் (முன்னாடி ரெண்டு ஸ்கீ, பின்னாடி ரப்பர் பட்டை சுத்துற பனி வண்டி) ஓட்டுறேன், ஆனா எல்லாமே மெஷின் போட்டு அமுக்கி வச்ச ட்ரெயில்ல தான், காலைல போய் சாயந்தரம் ரூமுக்குத் திரும்பிடுற மாதிரி. இந்த வாட்டி நாலு பேர் சேர்ந்து சீசன் முடியுற நேரத்துல, கீழ எல்லாம் உருக ஆரம்பிச்சாலும் மேல இன்னும் ஆழமா பனி கெடக்குமே, அந்த மாதிரி மலைப்பக்கமா நாலு நாள் போகலாம்னு இருக்கோம். மேப்ல அளந்தா 280 கிமீ வருது. ரெண்டு ராத்திரி தங்க குடில் இருக்கு, ஒரு ராத்திரி டென்ட். வழில பெட்ரோல் எங்கயுமே கிடையாது.

மூணு வண்டி 154 இன்ச் ட்ராக் (பின்னாடி சுத்துற அந்தப் பட்டையோட நீளம்). என்னோடது மட்டும் 129, ட்ராக்ல பனிய வாருற பல்லு, அதான் லக், ஒன்னேகால் இன்ச் உயரம். டேங்க் எல்லாத்துக்கும் சுமாரா 40 லிட்டர். ட்ரெயில்ல எனக்கு லிட்டருக்கு 6 கிமீ குடுக்குது, அப்போ 280க்கு 47 லிட்டர் போதும், ஆளுக்கு ஒரு 20 லிட்டர் கேன் எடுத்துக்கிட்டா மிச்சமே இருக்கும்னு நினைக்கிறேன். டென்ட், சாமான் எல்லாத்தையும் ஒரு ஸ்லெட்ல ஏத்தி ஒரு வண்டி பின்னாடி இழுத்துட்டுப் போறதா பிளான். காலைல நிதானமா 9 மணிக்குக் கிளம்பி சாயந்தரம் 5 வரைக்கும் ஓட்டுவோம். எதாவது விட்டுட்டேனா சொல்லுங்க.

டூஸ்ட்ரோக்பெருசு:

தம்பி கோச்சுக்காத, கணக்கு தப்பு. 6 கிமீங்கிறது அமுக்கின ட்ரெயில்ல வர்ற கணக்கு. ஆழமான பனில அதுவும் சாமானோட போனா என் வண்டி 3 கிமீக்கு மேல குடுத்ததே இல்ல, ஈரப்பனில ஏத்தம் ஏறுற அன்னிக்கு அதுக்கும் கீழ போயிருக்கு. ட்ராக் முன்னாடி தள்ளுறத விட பனிய வெட்டி பின்னாடி எறியிறதுலயே பாதி சக்தி போயிடும். 3ன்னே வச்சுக்க, 280க்கு 93 லிட்டர் வேணும், உன் கைல இருக்குறது 60. அந்த 60ம் 180 கிமீல காலி, ஒரு நாளைக்கு 70 கிமீ போறேன்னா மூணாவது நாள் மதியம் நடுக்காட்டுல நாலு பேரும் வண்டிய விட்டு இறங்கி நிப்பீங்க.

சரி இன்னும் ரெண்டு கேன் ஏத்திக்கிறேன்னு சொல்லுவ. 20 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 15 கிலோ, மூணு கேன்னா 45 கிலோ, அத சீட்டுக்குப் பின்னாடி டனல் மேல, அதான் ட்ராக்குக்கு மேல கூரை மாதிரி இருக்குற தகடு, அதுல கட்டினா பின்பக்கம் அமுங்கி முன்னாடி ஸ்கீ ரெண்டும் தூக்கிக்கும், ஹேண்டில நீ திருப்பினாலும் வண்டி அது இஷ்டத்துக்குத் தான் போகும். அதான் நீளமா போறவங்க எல்லாம் முன்கூட்டியே நடுவுல ஒரு இடத்துல பெட்ரோல் கொண்டு போய் வச்சுட்டு வருவாங்க. 1968ல ரால்ஃப் பிளைஸ்டெட்னு ஒருத்தர், தொழில் இன்சூரன்ஸ் விக்கிறது, ஸ்னோமொபைல்ல வட துருவத்துக்கே போய்ச் சேர்ந்தாரு, மார்ச்சுல கிளம்பி ஏப்ரல்ல போய் சேர 43 நாள் ஆச்சு. அதுக்கு முந்தின வருஷம் 1967ல போய் முடியாம திரும்பி வந்த ஆளு அவரு. அவருக்கே பெட்ரோல் பிளேன்ல தான் வந்து எறங்குச்சு. உனக்கு பிளேன் வராது.

நீயே கொண்டு போய் வைக்கிறதுன்னா பக்கத்துல ஆள் உயரத்துக்கு மேல ஒரு கம்பு நட்டுட்டு வா. ஒரு ராத்திரி நல்லா பனி பேஞ்சா போதும், கேன் எங்க இருக்குன்னு தோண்டித் தோண்டியே பொழுது போயிடும்.

பொருக்குப்பனி:

பெருசு பெட்ரோல பாத்துக்கிட்டாரு, நான் 9 மணிக்கு வரேன். 9 மணிக்குக் கிளம்புறதா இருந்தா கிளம்பவே வேணாம் தம்பி.

சீசன் கடைசில பனி ராத்திரி ஒன்னு பகல்ல ஒன்னு. பகல்ல வெயில் பட்டு மேல உருகும், அந்தத் தண்ணி ராத்திரி உறைஞ்சு காலைல மேல பொருக்கு கட்டி கெட்டியா நிக்கும், அதுமேல வண்டி ஒரு இன்ச் கூட அமுங்காம ஓடும். 10, 11 மணி ஆச்சுன்னா பொருக்கு விட்டுப்போகும், மதியத்துக்கு மேல அடிவரைக்கும் சொதசொதன்னு கூழாயிடும், இறங்கி நின்னா இடுப்பு வரைக்கும் போகும். பவுடர் பனியாவது பரவால்ல, கூழ்ல மாட்டின வண்டிய தூக்குறது நரகம். அதனால நாங்க 4 மணிக்கு எழுந்து, 5 மணிக்கு ஹெட்லைட்ல கிளம்பி, 11க்குள்ள அன்னிக்கு ஓட்டம் முடிஞ்சுதுன்னு நிறுத்திடுவோம், மதியம் பூரா காயப்போடுறது தூங்குறது தான் வேலை.

இன்னொன்னு, வானத்த பாரு. ராத்திரி மேகம் இல்லாம நட்சத்திரம் தெரிஞ்சா பனியோட சூடு மேல போயிடும், காத்து ஜீரோவுக்குக் கொஞ்சம் மேல இருந்தாக் கூட பனியோட மேல்பரப்பு உறைஞ்சிடும். மேகம் போர்வை மாதிரி மூடியிருந்தா சரியா உறையாது, தெர்மாமீட்டர் ஜீரோவுக்குக் கொஞ்சம் கீழ காட்டினாலும் நம்பாத. அப்படிப்பட்ட காலைல எழுந்து பூட்ஸ் கால்ல ஒரு மிதி மிதிச்சுப் பாரு, முழங்கால் வரைக்கும் போச்சுன்னா திரும்ப ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போய் படுத்துக்க. எல்லா நாளும் ஓட்ட முடியாது, ஒரு நாள எக்ஸ்ட்ராவா வச்சுக்கிட்டு சாப்பாடு எடு.

ஆனா பொருக்குல ஒரு கெட்டதும் இருக்கு. லிக்விட் கூல்டு வண்டிக்கு ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யிறது டனலுக்கு அடில இருக்குற கூலர், ட்ராக் வாரி அடிக்கிற பனி அதுல பட்டாத் தான் குளிரும். கெட்டிப் பொருக்குல வாரி அடிக்க தூள் ஏது? பத்து நிமிஷத்துல டெம்பரேச்சர் லைட் எரியும், ட்ராக் ஓடுற பிளாஸ்டிக் ஸ்லைடும் காஞ்சு போய் கருகுற வாடை வரும். அதுக்கு ஸ்க்ராச்சர்னு ஒன்னு ரெண்டு பக்கமும் மாட்டுவாங்க, ஸ்ப்ரிங் கம்பி மாதிரி இருக்கும், தரைய கீறிக்கிட்டே வந்து தூள் கிளப்பி விடும். சீசன் கடைசிக்கு அது இல்லாம போகாத. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பாத்து எடு, சில மாடல் கம்பி மடங்கி ஒடிஞ்சிடும்.

இழுவைக்கயிறு:

ஸ்லெட் பத்தி யாரும் சொல்லலையே. ட்ரெயில்ல இழுக்கலாம், ஆழப்பனில ஸ்லெட்ங்கிறது நங்கூரம். நான் ஒரு தடவ இழுத்தேன், சொல்றேன் கேளுங்க.

ரெண்டாவது நாள், மதியம் ஒன்னரை இருக்கும், குடிலுக்கு இன்னும் 4 கிமீ தான்னு ஆசப்பட்டு ஒரு சின்ன ஏத்தத்துல ஏறினேன். பாதில வேகம் கொறைஞ்சுது, பதட்டத்துல த்ராட்டில நல்லா அமுக்கிட்டேன், அதான் பண்ணக்கூடாதது. ட்ராக் தனக்குத் தானே குழி தோண்டி பின்பக்கம் மொத்தமா உள்ள இறங்கிருச்சு, பின்னாடி ஸ்லெட் சறுக்கி வந்து குறுக்க நின்னுக்குச்சு. ஸ்லெட்ட வண்டியோட மாட்டுற ஹிட்ச் பின்ன கழட்டலாம்னா கீழ்ப்பக்கம் இழுவிசைல இறுகிப்போய் வரவே மாட்டேங்குது, பனிக்குள்ள படுத்துக்கிட்டு கையால தோண்டி, ஷவல் கட்டையால அந்தப் பின்னையே தட்டித் தட்டி எடுக்க முக்கால் மணி நேரம். க்ளவுஸ் நனைஞ்சு, உள்ள வேர்த்து பனியன் நனைஞ்சு, உக்காந்த அடுத்த நிமிஷம் நடுக்கம். அப்புறம் வண்டிய பக்கவாட்டுல சாய்ச்சு, ட்ராக்குக்கு அடில இருந்த குழிய பனிய தள்ளி மூடி, முன்னாடி நடந்து நடந்து மிதிச்சு ஒரு பாதை போட்டு, ஒருத்தர் ஸ்கீ முனைல இருக்குற பிடிய புடிச்சு இழுக்க நான் பக்கத்துல நின்னு லேசா த்ராட்டில் குடுத்து வெளிய எடுத்தோம். அந்த 4 கிமீக்கு மூணு மணி நேரம்.

மாட்டினா முதல்ல த்ராட்டில விடு. ரெண்டாவது அமுக்கு அமுக்கினா இன்னும் ஒரு அடி கீழ போவ, வேற ஒன்னும் நடக்காது.

அப்புறம் சாயந்தரம் நிறுத்துறப்போ வண்டிய அப்படியே பனில விட்டுட்டுத் தூங்காத. ட்ராக் சூட்டுக்கு உருகின பனி ராத்திரி சிமெண்ட் மாதிரி இறுகிடும், விடியக்காலைல ஸ்டார்ட் பண்ணி இழுத்தா இன்ஜின் சக்திய ட்ராக்குக்குக் கொண்டு போற பெல்ட் தான் புகையும். நிறுத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் முன்ன பின்ன உருட்டி, டனல்ல ஒட்டின பனிய தட்டி விட்டு, ரெண்டு கட்டைய அடில குடுத்து ட்ராக்க தூக்கி நிறுத்து. முன்பக்கம் இறக்கத்த பாத்து இருக்கட்டும்.

புதுக்கை:

அண்ணே அக்கா எல்லாருக்கும் நன்றி, படிச்சுட்டு பயந்துட்டேன்னு சொல்லணும். ஸ்க்ராச்சர் இன்னிக்கே ஆர்டர் போட்டாச்சு. ரெண்டு சந்தேகம். என் 129 வண்டிய எடுத்துட்டு வரலாமா, முன்னாடி போறவங்க போட்ட தடத்துலயே போனா சமாளிக்க முடியாதா? அப்புறம் ரூட்ல ஒரு ஏரிய குறுக்க கடக்கணும், 3 கிமீ, சுத்திப் போனா 14. ஐஸ் கெட்டியாத் தான் இருக்கும்னு ஃப்ரெண்டு சொல்றான். ஆமா, அவலாஞ்சுக்கு (பனிச்சரிவு) நாங்க நாலு பேரும் டிரான்ஸீவர், அதான் புதைஞ்ச ஆள சிக்னல் வச்சு கண்டுபிடிக்கிற கருவி, வாங்கிட்டோம், அது போதும்ல?

பொருக்குப்பனி:

129: வேணாம். தடத்துலயே போகலாம்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க, முன்னாடி மூணு வண்டி போன தடம் காலைல பள்ளமும் மேடுமா உறைஞ்சு கெடக்கும், மதியம் முதல்ல கூழாகுறதும் அதே தடம் தான். குட்டை ட்ராக்குக்கு மெதக்குற பரப்பு கம்மி, லக்கும் சின்னது. நாலு நாள்ல மூணு பேரும் உன்ன தோண்டுறதே வேலையா இருப்பாங்க. நீள ட்ராக் ஒன்னு வாடகைக்கு எடு.

ஏரி: உறையிற காலத்துல புதுசா பிடிச்ச தெளிவான ஐஸ்ல ஸ்னோமொபைலுக்கு 5ல இருந்து 7 இன்ச் வேணும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. அந்தக் கணக்கு சீசன் கடைசி ஐஸ்க்கு செல்லாது. வெயில்ல ஐஸ் செங்குத்தா மெழுகுவத்திக் கட்டு மாதிரி பிரிஞ்சிடும், ஒரு அடி கனம் இருந்தாலும் தாங்காது. ஐஸ் கெட்டியா இருந்தாலும் மேல கெடக்குற பனி பாரத்துக்கு அது அமுங்கி, விரிசல் வழியா தண்ணி மேல ஏறி பனிக்கு அடில கூழா நிக்கும், மேல இருந்து பாத்தா சுத்த வெள்ளை, உள்ள போனா ட்ராக் நின்னுடும். 14 கிமீ சுத்திப் போ. ஓடை மேல இருக்குற பனிப்பாலம் கூட இதே கதை தான்.

சரிவு30:

அந்த கடைசி கேள்விக்காக லாகின் பண்ணேன். டிரான்ஸீவர் மட்டும் போதாது. ப்ரோபும் (பனிக்குள்ள குத்தி ஆள் எங்கன்னு பாக்குற நீளக் கம்பி) ஷவலும் ஒவ்வொருத்தர் முதுகுலயும் இருக்கணும், வண்டில கட்டி வைக்கக்கூடாது, ஏன்னா புதையிறப்போ வண்டி ஒரு பக்கம் போகும் நீ ஒரு பக்கம் போவ. புதைஞ்ச ஆள முதல் 10 நிமிஷத்துக்குள்ள வெளிய எடுத்தா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதுக்கப்புறம் மடமடன்னு கொறையும். அந்த 10 நிமிஷத்துல மேனுவல் படிக்க முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டிரான்ஸீவர பைல போட்டு புதைச்சு வச்சு நாலு பேரும் மாத்தி மாத்தி தேடிப் பழகுங்க. எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் தான், எந்த பிராண்டும் எந்த பிராண்டையும் கண்டுபிடிக்கும். ஆனா ஃபோன், ஹீட்டட் க்ளவுஸ் எல்லாம் அது பக்கத்துல இருந்தா குழப்பும், சென்ட்ல (சிக்னல் அனுப்புற நிலைல) இருக்கும்போது 20 செமீ, தேடும்போது 50 செமீ தள்ளி வைக்கணும்.

அவலாஞ்ச் பெரும்பாலும் 30ல இருந்து 45 டிகிரி சரிவுல தான். சீசன் கடைசில ஈரப்பனி சரியும், வேகம் கம்மியா தெரிஞ்சாலும் பாரம் ஜாஸ்தி. வெயில் முதல்ல படுற சரிவு முதல்ல விடும். மேல இருந்து பனி தானா உருண்டையா உருண்டு வர ஆரம்பிச்சா, கால் கணுக்கால தாண்டி இறங்கினா, அந்தச் சரிவு மேலயும் போகாதீங்க கீழயும் போகாதீங்க. சரிவு ஏறுறப்போ ஒருத்தர் மட்டும் தான், மத்தவங்க தள்ளி பாதுகாப்பான இடத்துல நின்னு பாக்கணும். ஒருத்தன் சரிவு நடுவுல மாட்டிக்கிட்டான்னா உதவி பண்றேன்னு இன்னொரு வண்டி மேல போகவே கூடாது. கூட்டமா சாகுறது அப்படித் தான்.

புதுக்கை:

பேசி முடிவெடுத்தாச்சு. 280 கிமீ பிளான கிழிச்சுப் போட்டோம். முதல் குடில் 40 கிமீல இருக்கு, அங்கயே மூணு ராத்திரியும் தங்கி, நடுவுல ஒரு நாள் சாமான் இல்லாம 40 கிமீ சுத்திட்டு, இன்னொரு நாள் வானிலைக்குன்னு சும்மா விட்டுட்டு, திரும்பி 40. மொத்தம் 120 கிமீ, பெருசு சொன்ன 3 கிமீ கணக்குல 40 லிட்டர், கைல 60 இருக்கும், மூணுல ஒரு பங்கு மிச்சம். டென்ட் இல்லாததால ஸ்லெட்டும் வேணாம், ஏரியும் வரல, குடில் வரைக்கும் 30 டிகிரி சரிவும் இல்ல. எனக்கு 154 வாடகைக்கு சொல்லியாச்சு. 5 மணிக்குக் கிளம்பணும்னு சொன்னதுக்குத் தான் ஒருத்தன் மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான்.

டூஸ்ட்ரோக்பெருசு:

இது சரியான பிளான். அவன் மூஞ்சி முதல் நாள் 11 மணிக்கு சரியாயிடும். பெல்ட்ட மறந்துட்டியே, ஆளுக்கு ஒரு ஸ்பேர் எடு. புதுசா வாங்கினத அப்படியே பொட்டலத்தோட எடுத்துட்டுப் போகாத, இங்கயே மாட்டி மெதுவா ஓட்டிப் பழக்கி, கழட்டி அத ஸ்பேரா வச்சுக்க. அந்தக் குளிர்ல க்ளவுஸ கழட்டிட்டு பெல்ட் மாத்துறது எப்படின்னு அப்போவே கை பழகிக்கும்.