சாதாரணக் கதாபாத்திரத்துக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? இளையோர் நாவல்கள் குறித்து ஒரு கேள்வி

பென்சில்முனை:

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து, பதினாறு வயது வாசகர்களை மனத்தில் வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் நாயகிக்குத் தனித்திறமை எதுவும் கிடையாது. வருகைப் பதிவேட்டில் பெயரைப் படித்தால்தான் ஆசிரியருக்கே அவள் முகம் நினைவுக்கு வரும். முதல் பாதி வரை எனக்கு அவளிடம் குறையொன்றும் தெரியவில்லை. நடுவில் ஒருவன் மீது அவளுக்குக் காதல் வருகிறது. அதற்குச் சில பக்கங்கள் கழித்து, அதுவரை வாய் திறந்தே பேசாதவள், பலர் முன்னிலையில் எழுந்து நின்று ஓர் அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறாள். வரைவைப் படித்த நண்பர்கள், அந்த இடத்தில் எழுந்து நிற்பது வேறொரு பெண் என்கிறார்கள்.

சாதாரணமான ஒருவர் காதலையும் துணிச்சலையும் அடைவதை நம்பும்படி எழுதிய நாவல்கள் எவை? அவற்றின் ஆசிரியர்கள் அதை எப்படிச் சாதிக்கிறார்கள்? பொதுவான அறிவுரைகளைவிட, குறிப்பிட்ட காட்சிகளைச் சுட்டிக்காட்டினால் எனக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.

இரவுவாசகர்:

உங்கள் நாயகி மாறுவதில் பிழையில்லை. விளக்கின் பொத்தானை அழுத்துவதுபோல் காதலை அழுத்தியவுடன் அவள் மாறிவிடுகிறாள் என்பதே இடிக்கிறது. காதல் முதலில் வந்து துணிச்சலைப் பின்னால் அழைத்து வருகிறது என்று நீங்கள் திட்டமிட்டிருக்கிறீர்கள். நான் விரும்பிப் படித்த நாவல்களில், ஒருவரை நேசிக்கத் தொடங்குவதே அந்தப் பாத்திரம் செய்கிற முதல் துணிச்சலான காரியமாக இருக்கிறது.

ரெயின்போ ரோவெல்லின் 'எலினார் அண்ட் பார்க்' 1986-இல், அமெரிக்காவின் ஒமாஹா நகரில் நடக்கும் கதை. பள்ளிப் பேருந்தில் எலினார் என்ற பெண்ணும் பார்க் என்ற பையனும் அருகருகே உட்கார நேர்கிறது. தொடக்கத்தில் அவர்களிடையே பேச்சுவார்த்தையே இல்லை. தான் படிக்கும் காமிக்ஸை அவளும் ஓரக்கண்ணால் படிக்கிறாள் என்பதைப் பார்க் கண்டுகொள்கிறான். ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைச் சற்று அகலமாக விரித்துப் பிடிக்கிறான். பக்கங்களை மெதுவாகப் புரட்டுகிறான். காட்சியில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் பேருந்தே கேலி செய்கிற ஒரு பெண்ணுக்காக அவன் அதைச் செய்கிறான். எவராவது கவனித்துவிட்டால் அந்தக் கேலி அவன் பக்கமும் திரும்பும். பிற்பாடு அவன் அவளுக்காகச் சண்டைக்குப் போகும்போது நமக்கு அது புதிதாகத் தோன்றாததற்குக் காரணம், பக்கத்தைப் புரட்டக் காத்திருந்த அந்த விரல்களில் அதே ஆளை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம் என்பதுதான்.

காதல் என்றால் காதலன், காதலி என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மேடலின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்' 1962-இல் வெளிவந்தது. அதைச் சிறுவர் நாவல் என்று வகைப்படுத்துபவர்களும் உண்டு; அந்தச் சண்டை இங்கே வேண்டாம். அதில் வரும் மெக், தோற்றத்திலும் பள்ளியிலும் தன்னை மட்டமாகவே எண்ணிக்கொண்டிருப்பவள். அவளுக்கு உதவ வருபவர்கள் அவளுடைய குறைகளையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்புகிறார்கள் என்பது அந்த நாவலின் மிக நுட்பமான இடம். இறுதியில் எதிரியின் பிடியில் இருக்கும் தம்பி சார்லஸ் வாலஸை மீட்க அவள் தனியாகத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. முடியாது என்று மறுத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். போன பிறகும் பயம் விடுவதில்லை. எதிரியிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது, அது தம்பி மீதுள்ள பாசம் என்பது அங்கே நிற்கும்போதுதான் அவளுக்கு விளங்குகிறது. எந்த ஆயுதமும் இல்லாமல், அந்தப் பாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். மெக் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு வெல்லவில்லை. முதல் அத்தியாயத்திலேயே அவளிடம் இருந்ததைக் கொண்டுதான் வெல்கிறாள். உங்கள் நாயகியிடம் முதல் அத்தியாயத்திலிருந்தே இருப்பது எது?

தாள்மடிப்பு:

இரவுவாசகர் சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. துணிச்சலுக்கு ஏன் எப்போதும் அன்பைத் துணைக்கு அழைக்க வேண்டும்? லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவலில், பாலியல் வன்முறைக்கு உள்ளான மெலிண்டா ஏறத்தாழ அந்தப் பள்ளி ஆண்டு முழுவதும் பேசாமலே இருக்கிறாள். அவளை மீட்க எந்தக் காதலனும் வருவதில்லை. வந்திருந்தால் நாவல் கெட்டிருக்கும். ஒருநாள் கழிப்பறைச் சுவரில், விலகியிருக்க வேண்டியவன் என்று, தன்மீது வன்முறை செய்தவனுடைய பெயரை எழுதிவைக்கிறாள். கையெழுத்திடாமல், எவரும் பார்க்காத நேரத்தில் எழுதுகிறாள். பிறகு போய்ப் பார்க்கையில், வேறு பெண்கள் தங்கள் அனுபவத்தை அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். அவள் வாய் திறந்து பேசுவதற்கு முன்பே இது நடக்கிறது. உங்கள் நாவலில் வாயடைத்த நிலைக்கும் மேடைப் பேச்சுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. பெயர் போடாமல் செய்கிற காரியம் ஒன்றுக்கு அங்கே இடம் கொடுத்துப் பாருங்கள்.

ஓரக்குறிப்பு:

ஒரு துணிச்சலான செயல் வெற்றி பெற்றே தீர வேண்டும் என்று நீங்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது. 1997-இல் வந்த முதல் ஹாரி பாட்டர் நாவலில், இரவில் வெளியே கிளம்பும் ஹாரி, ரான், ஹெர்மயனி மூவரையும் நெவில் வழிமறிக்கிறான். அவன் தடுப்பது தவறான நேரத்தில். அவர்கள் போவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரே மந்திரத்தில் அவனை விறைக்கச் செய்து தரையில் கிடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். இருந்தும் கடைசியில் அந்தச் செயலுக்கென்று அவனுக்குப் பத்துப் புள்ளிகள் கிடைக்கின்றன. பகைவரை எதிர்ப்பதைவிட நண்பர்களை எதிர்ப்பது கடினம் என்பதை, அந்த நாவலில் மிகக் குறைவாக மதிக்கப்பட்ட பையனை வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் ராபர்ட் கார்மியரின் 'தி சாக்லேட் வார்' (1974) நிற்கிறது. பள்ளி நிதிக்காகச் சாக்லேட் விற்க ஜெர்ரி மறுக்கிறான். அவ்வளவு சிறிய மறுப்புக்காக அவன் அடித்து நொறுக்கப்படுகிறான். எதிர்த்தது வீண் என்று நினைக்கும் நிலையில்தான் நாவல் முடிகிறது. இளையோருக்கு இப்படியொரு முடிவைத் தரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகத் தரலாம் என்பது என் கருத்து. துணிந்தவர்கள் எல்லாரும் கைதட்டல் வாங்கும் கதைகளைத்தான் பதினாறு வயதுக்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) பெயரும் எப்படியும் இங்கே வரும் என்பதால் ஒரு சொல்: வில் வித்தை தெரிந்த அதன் நாயகி கேட்னிஸைச் சாதாரணமானவள் என்று ஒப்புக்கொள்வது எனக்குக் கடினம். அந்த நாவலில் சாதாரண மனிதரின் துணிச்சலைக் காண வேண்டுமானால் ரொட்டிக் கடைக்காரரின் மகன் பீட்டாவின் ரொட்டியைப் பாருங்கள். பசியில் வாடும் ஒரு சிறுமிக்குக் கொடுப்பதற்காகவே, அம்மாவிடம் அடி விழும் என்று தெரிந்தும், அவன் ரொட்டியைத் தீயில் கருகவிடுகிறான். அதற்கு அவன் கொடுத்த விலை என்ன என்பது நமக்குத் தெரிவதால்தான் அந்தக் காட்சி மனத்தில் நிற்கிறது. உங்கள் நாயகி எழுந்து நிற்கும்போது எதை இழப்பாள் என்பது உங்கள் பதிவில் எங்குமே இல்லை.

பென்சில்முனை:

மூவருக்கும் மிக்க நன்றி. இழப்பதற்கு அவளிடம் ஒன்று உண்டு: ஒரே ஒரு தோழி. அநியாயம் செய்பவர் அந்தத் தோழியின் அண்ணன். இதை நான் பின்கதையாக ஓரிரு வரிகளில் கடந்துவிட்டேன். இனி அதை முன்னுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். அப்படியானால் காதல் கதையை முழுவதுமாக நீக்கிவிடலாமா?

இரவுவாசகர்:

நீக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் அவளுக்குத் தைரியம் சொல்கிற வசனம் ஏதேனும் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். தோழியை இழக்க நேரிடும் என்று தெரிந்தும் அவள் பேசத் துணிகிறாளா என்ற கேள்வியில் அவனுக்கு வேலையே இல்லை; அவள் பேசி முடித்த பிறகு, தனியாக உட்கார்ந்திருக்கும் அவள் பக்கத்தில் வந்து உட்காருவானா என்பதுதான் அவனுக்குரிய கேள்வி. அவனுக்கும் பயம் இருக்கட்டும்.

தாள்மடிப்பு:

இதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று: அவள் பேசும் காட்சியில் முழு நீளப் பேச்சை எழுதாதீர்கள். அதுவரை இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாத பெண்ணுக்கு அன்று மட்டும் பத்தி பத்தியாகச் சொற்கள் வராது. ஒரு வாக்கியம், அதுவும் நடுவில் தடுமாறி, போதும். அந்தத் தோழி அப்போது எந்தப் பக்கம் பார்த்தாள் என்பதை எழுதுங்கள்.