ஜானி கேஷ்: 1994 ஆல்பமா, 2002 ஆல்பமா, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஓட்டேரிக்காரன்:
ராஜா சார் பாட்டிலேயே வளர்ந்த ஆள் நான், கன்ட்ரி மியூசிக் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் ‘ஹர்ட்’ பாட்டு வீடியோவை அனுப்பினார், பார்த்து ஆடிப்போய்விட்டேன். சரி, முழு ஆல்பமே கேட்போம் என்று தேடினால் பாதிப் பேர் அந்தப் பாட்டு இருக்கும் 2002 ஆல்பத்தைக் கேள் என்கிறார்கள், மீதிப் பேர் 1994இல் வந்த ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’தான் அசல் சரக்கு என்கிறார்கள். 1994ஐ மெட்ரோவில் போகும்போது போட்டுப் பார்த்தேன். ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். யாரோ ஒத்திகை பார்த்ததை அப்படியே வெளியிட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. கன்ட்ரி என்றால் ஃபிடில், பாஞ்சோ மாதிரி வாத்தியமெல்லாம் வேண்டாமா?

பழைய கேசட்:
1994தான், யோசிக்கவே வேண்டாம். ஒத்திகை மாதிரி என்கிறீர்களே, கிட்டத்தட்ட அதேதான். 1958இலிருந்து கேஷை வைத்திருந்த கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனி 1986இல் கழற்றிவிட்டது, அடுத்துப் போன இடத்திலும் ஒன்றும் எடுபடவில்லை. அப்போது வந்து சேர்ந்தவர் ரிக் ரூபின், ராப் ஆல்பங்களும் ஸ்லேயர் மாதிரி ஹெவி மெட்டல் குழுக்களின் ஆல்பங்களும் தயாரித்துக்கொண்டிருந்த தாடிக்காரர். லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டு ஹாலில் கேஷை உட்காரவைத்து, பிடித்த பாட்டையெல்லாம் பாடச் சொல்லி டேப்பை ஓடவிட்டார். டென்னஸியில் கேஷின் மரவீட்டிலும் கொஞ்சம் பதிவானது. பேண்ட் வைத்தும் முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் அந்தத் தனிக்கிடார் டேப்புகளையே வெளியிட்டார்கள். கேஷுக்கு அப்போது 62 வயது. கிராமி விருது கிடைத்தது, அதுவும் கன்ட்ரி பிரிவில் இல்லை, ஃபோக் பிரிவில்! உங்கள் சந்தேகம் அங்கேயும் இருந்திருக்கிறது போல.

மந்தவெளி மாமி:
தம்பி, நான் 2002 கட்சி. டிசம்பர் சீசனில் வயதான வித்வான்களைக் கேட்டிருந்தால் இது புரியும், சாரீரம் போன பிறகும் சிலருக்குச் சொல்லின் மேல் இருக்கிற பிடி போகாது. கேஷுக்கு அப்போது சர்க்கரை, நரம்புக் கோளாறு, பார்வையும் மங்கிவிட்டது. வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோகிறது, அதை ரூபின் மறைக்கவே இல்லை. ‘ஹர்ட்’ உண்மையில் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் 1994 பாட்டு. அங்கே அது ஒரு இளைஞனின் வலி, இங்கே எழுபது வயதுக்காரர் கணக்கு முடிக்கிறார். வீடியோவில் பின்னால் நின்று அவரையே பார்க்கும் மனைவி ஜூன் கார்ட்டர் 2003 மே மாதம் போய்விட்டார், செப்டம்பரில் இவரும்.

பழைய கேசட்:
மாமி, மன்னிக்கணும். வீடியோவையும் சாவையும் ஒதுக்கிவிட்டு அந்த ஆல்பத்தை முழுக்கக் கேளுங்கள், நடுவில் தொய்ந்துவிடுகிறது. சைமன் அண்ட் கார்ஃபங்கல் பாட்டையெல்லாம் அவர் தொட்டிருக்கவே வேண்டாம். நாம் பரிதாபப்பட்டு மார்க் போடுகிறோம். 1994இல் அந்தக் கட்டைக்குரல் இன்னும் முழுசாக இருக்கிறது.

ஆறுதந்தி:
ஃபிடில் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கேஷ் ஆரம்பத்திலேயே அப்படித்தான், கூட ஒரு எலெக்ட்ரிக் கிடார், கீழ்ஸ்தாயிக்கு பேஸ் என்ற தந்தி வாத்தியம் ஒன்று, வேறு ஆளே கிடையாது. 1956இல் ‘ஐ வாக் த லைன்’ பதிவில் டிரம்ஸ் இல்லாத குறைக்குத் தன் கிடார் தந்திகளுக்கு இடையில் காகிதத்தைச் செருகி வாசித்தார், சரக் சரக்கென்று ஒரு சத்தம் வருமே, அது காகிதம்தான். 1994இல் அந்தப் பேஸும் போய்விட்டது. தடித்த தந்தியில் ஒரு அடி, உடனே மற்ற தந்திகளில் ஒரு உரசல், இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். மெட்ரோ இரைச்சலில் என்ன கேட்டிருக்கும் உங்களுக்கு? ஃபேனைக்கூட நிறுத்தச் சொல்வேன், இந்த வெயிலில் அது நியாயமில்லை.

ஓட்டேரிக்காரன்:
சரி, 1994 முதலில், அப்புறம் மாமியின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஸ்பீக்கரில் போடுகிறேன்.

பழைய கேசட்:
ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள் சார். முதல் பாட்டே காதலியைச் சுட்டுக்கொன்றவன் பாடுவது. 1900 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜார்ஜியாவில் டீலியா கிரீன் என்ற 14 வயதுப் பெண்ணைச் சுட்டுவிட்டார்கள், அதிலிருந்து கிளம்பிய பாட்டு. நம் ஊரில் ரயிலிலும் சந்தையிலும் பாடி விற்ற கொலைச்சிந்து ரகம். என் வீட்டில் இது சத்தமாக ஓடி, வரிகள் புரிந்த அன்று எனக்குச் சாப்பாட்டோடு விசாரணையும் நடந்தது.