61-101 அணி கையில வந்திரிக்கு, எங்க இருந்து தொடங்குறது?

கல்லடிப்_பாலம்:

அண்ணாமார், நானாமார், கொஞ்சம் வழி சொல்லுங்க. அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல் எண்ட, அணிய மனேஜரா நடத்துற கம்பியூட்டர் கேம்ல ஒன்லைன் லீக் ஒண்டு. 30 அணி, எல்லாத்தையும் ஆக்கள்தான் நடத்துறாங்க, கம்பியூட்டர் இல்ல. பழைய மனேஜர் விட்டுட்டுப் போன அணி எனக்குக் கிடைச்சிரிக்கு. கேம்ல இப்ப நவம்பர், சீசன் முடிஞ்ச கையோட.

நிலவரம் இதுதான். 61 வெற்றி, 101 தோல்வி. அடிச்ச ரன் 640, குடுத்த ரன் 801. பிட்சிங் ஈ.ஆர்.ஏ (9 இன்னிங்ஸுக்கு பிட்சர் கணக்கில குடுத்த ரன்) 4.58, எஃப்.ஐ.பி (பீல்டிங்க ஒதுக்கிப் பிட்சர மட்டும் அளக்கிறது) 4.02, எதிரணிகள்ட பாபிப் (களத்துக்குள்ள விழுற பந்தில ஹிட்டாகிற பங்கு) .325. பட்ஜெட் 125 மில்லியன் டொலர், அதில சம்பளத்துக்கே 118 போகுது.

ஃபெர்ஸ்ட் பேஸ்மனுக்கு 33 வயசு, வருசத்துக்கு 19 மில்லியன், இன்னும் 4 வருசம் இரிக்கு. குளோசருக்கு (கடைசி இன்னிங்ஸ் போடுற பிட்சர்) 31 வயசு, 11 மில்லியன், 2 வருசம். ஷோர்ட்ஸ்டொப்புக்கு (செக்கண்ட், தேர்ட் பேஸுக்கு இடையில நிக்கிற பீல்டர்) 24 வயசு, சர்வீஸ் (மேஜர் லீக்ல இருந்த காலம்) 2 வருசத்துக்குக் கொஞ்சம் மேல, 20-80 அளவில பெட்டிங் எல்லாம் 60க்குக் கிட்ட, ஆனா ரேஞ்ச் (ஓடிப் பந்தப் பிடிக்கிற எல்லை) 45. சென்டர் பீல்ட்ல நிக்கிறவர் உண்மையில லெஃப்ட் பீல்ட் ஆள். ஃபாம் சிஸ்டம் (கீழ் லீக்ல வளர்ற நம்மட பொடியங்கள்) 24ஆம் இடம். ட்ராப்ட்ல (புதுப் பொடியங்கள அணிகள் முறைபோட்டு எடுக்கிறது) 3ஆவது பிக்.

எல்லாத்தையும் வித்துட்டு அடியில இருந்து கட்டுறதா, இல்லாட்டி இருக்கிறத வச்சு 75 வெற்றிக்குப் பாக்கிறதா? பிட்சர்மார மாத்தினாலே போதும் எண்டு எனக்கு ஒரு யோசனை.

ஒலுவில்_நானா:

பிட்சர்மார்ல கை வைக்க முந்தி நீங்க போட்ட இலக்கத்தையே திரும்ப ஒருக்கா பாருங்க தம்பி.

640ஐ 640ஆல பெருக்கி, அதோட 801ஐ 801ஆல பெருக்கினதக் கூட்டி, முதல் தொகைய இந்தக் கூட்டுத்தொகையால பிரிச்சா .39 வரும். 162 மெச்சுக்கு 63 வெற்றி. நீங்க எடுத்தது 61. அதிஷ்டம் கெட்டதால தோத்த அணி இல்ல, உண்மையாவே பலமில்லாத அணி. இது தெரிஞ்சாத்தான் அடுத்த வருசம் தானாச் சரிவரும் எண்டு காத்திரிக்க மாட்டீங்க.

இனி ஈ.ஆர்.ஏக்கும் எஃப்.ஐ.பிக்கும் இடையில உள்ள .56. எஃப்.ஐ.பி கணக்கில ஹோம் ரன், வோக், பந்து பட்டுப் போறது, ஸ்ட்ரைக்அவுட் மட்டும்தான் வரும். பீல்டர் கையில போற பந்து அதில இல்ல. எஃப்.ஐ.பி 4.02 எண்டா உங்கட பிட்சர்மார் பெரும்பாலும் நடுத்தரம்தான், லீக் சராசரியோட ஒப்பிட்டுப் பாருங்க. ஓட்டை பின்னால நிக்கிற ஆக்கள்ட்ட. பாபிப் வழமையா .300 பக்கம்தான் நிக்கும், .325 எண்டது கூட. ஒரு சீசன்ல ஒரு அணிக்கெதிரா களத்துக்குள்ள விழுற பந்து கிட்டத்தட்ட 4000. அதில .025 எண்டா 100 ஹிட். அவுட்டாக வேண்டிய பந்து ஹிட்டானா முக்கால் ரன் அளவு நட்டம் எண்டு வைங்க, 75 ரன். 10 ரன்னுக்கு ஒரு வெற்றி எண்டது பேஸ்போல்ல பழைய கணக்கு. அப்ப 7 வெற்றி உங்கட பீல்டிங்ல போயிரிக்கு.

ரேஞ்ச் 45ஓட ஷோர்ட்ஸ்டொப்ல நிக்க ஏலாது. எறியிற கை நல்லா இரிந்தா தேர்ட் பேஸ், இல்லாட்டி செக்கண்ட் பேஸ். அங்க 60 பெட் இன்னும் பெறுமதிதான். ஷோர்ட்ஸ்டொப்புக்கு ரேஞ்ச் 65க்கு மேல உள்ள, பெட்டிங் 35 உள்ள ஆளப் பிடிங்க. அந்த மாதிரி ஆக்கள் மைனர் லீக் (கீழ் லீக்) ஃப்ரீ ஏஜன்ட் (எந்த அணியோடயும் கொன்ட்ராக்ட் இல்லாத ஆள்) பட்டியல்ல ஆகக்குறைஞ்ச சம்பளத்துக்கே கிடப்பாங்க, ஒருத்தரும் தேடுறதில்ல. சென்டர் பீல்டுக்கும் அதே மருந்து. கெட்சர்ட கெட்சிங் ரேட்டிங்கையும் பாருங்க, நீங்க அதச் சொல்லவே இல்ல.

புது இடத்துக்கு மாத்திறதெண்டா ஸ்ப்ரிங் ட்ரெய்னிங்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி) தொடங்குங்க. விளையாட விளையாடத்தான் அந்த இடத்து ரேட்டிங் ஏறும். சீசன் நடுவில மாத்தினா பழகி முடியிறதுக்குள்ள பத்துப் பதினைஞ்சு எரர் விழுந்திரும். பிட்சர்மார் கிரவுண்ட்போல் (தரையில உருளுற அடி) ஆக்களா ஃப்ளைபோல் (மேல பறக்கிற அடி) ஆக்களா எண்டும் பாத்து வைங்க. கிரவுண்ட்போல் ஆக்கள் கூடவெண்டா முதல்ல இன்பீல்ட், மறுகா சென்டர்.

கல்முனை_புல்பென்:

நானா சொன்ன பீல்டிங் கணக்கு சரி. ஆனா 61ஓட 7ஐக் கூட்டினா 68. 68 வெற்றியோட ப்ளேஓஃப் (சம்பியன் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) போன கதை இல்ல. இந்த அணி எந்த வருசம் வெல்லப்போகுது எண்டத முதல்ல முடிவெடுங்க. உங்கட ஃபாமப் பாத்தா மூண்டாவது சீசனுக்கு முந்தி இல்ல. அப்படியெண்டா இண்டைக்கு 29 தாண்டின ஆள் ஒவ்வொருத்தரும் விக்கிற சாமான்தான். அந்த நேரம் அவங்களுக்கு 32 ஆயிரும்.

குளோசர் முதல்ல. தோக்கிற அணிக்கு குளோசர் தேவையே இல்ல. ரிலீவர் (நடுவில வந்து போடுற பிட்சர், குளோசரும் அதில ஒருத்தர்தான்) ஒரு வருசத்தில போடுறது 60, 70 இன்னிங்ஸ், அதால ஈ.ஆர்.ஏ ஒரு வருசம் 2, அடுத்த வருசம் 5 எண்டு ஆடும். நல்லா இரிக்கிற நேரம் விக்கணும். ஜூலைல விலை கூட எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, சரிதான், ஆனா ட்ரேட் செய்யக்கூடிய கடைசி நாள் வரைக்கும் வச்சிரிக்காதீங்க. அம்பாறைப் பக்கம் எல்லாரும் ஒரே நேரத்தில அறுவடை முடிச்சு நெல்லைக் கொண்டுவந்தா விலை என்னாகும்? அந்தக் கடைசி நாள்ல ரிலீவர் சந்தையும் அப்படித்தான். ஜூன் கடைசில, ரெண்டு அணி முதலிடத்துக்குப் போட்டி போடக்குள்ள, ரெண்டு பேருக்கும் மெசேஜ் போடுங்க.

ஃபெர்ஸ்ட் பேஸ்மன முழுச் சம்பளத்தோட ஒருத்தரும் எடுக்க மாட்டான். ட்ரேட் போடக்குள்ள சம்பளத்தில ஒரு பங்க நீங்களே கட்டுற வசதி இரிக்கு, அதப் பாவிங்க. அணி தோக்கிற வருசத்தில காசு சும்மாதான் கிடக்கப்போகுது. அந்தக் காசால ப்ரொஸ்பெக்ட் (வளர்ற இளம் ஆள்) வாங்கிற வழி இதுதான். பாதிய நீங்க கட்டினா மற்றவனுக்கு அவர் 9.5 மில்லியன் சம்பளத்தில கிடைப்பார், அதுக்கு ஒரு நல்ல பொடியன் வருவான். கட்டாம ‘எடுத்தாப் போதும்’ எண்டு குடுத்தா ஒண்டும் வராது. இதையே மற்றப்பக்கமாவும் செய்யலாம். சம்பளப் பாரத்தில மாட்டின அணிட்ட ஒரு கெட்ட கொன்ட்ராக்ட வாங்கி, அதோட சேத்து ஒரு ப்ரொஸ்பெக்டக் கேளுங்க.

வாங்கக்குள்ள எண்ணிக்கைக்கு ஏமாறாதீங்க. 20-80 அளவில 50தான் சராசரி. 45 பொட்டன்ஷியல் (வளரக்கூடிய உச்சம்) உள்ள பொடியன் மூணு பேர் சேந்தாலும் ஒரு 60 ஆக மாட்டான், ஏனெண்டா மேஜர் லீக் அணிட 26 பேர் பட்டியல்ல இடம் அளவுதான். ‘மூணுக்கு ஒண்டு’ எண்டு யாராச்சும் வந்தா, அந்த ஒண்டத் தாற பக்கமா நீங்க இரிக்கக் கூடாது.

ஷோர்ட்ஸ்டொப் பொடியன விக்கச் சொல்ல மாட்டன், இப்போதைக்கு. 6 வருச சர்வீஸ் முடிஞ்சாத்தான் ஃப்ரீ ஏஜன்ட், அப்ப இன்னும் 4 சீசன் உங்கட கைல. ஆர்பிட்ரேஷன் (நடுவர் சம்பளத்தத் தீர்மானிக்கிற கட்டம்) தொடங்க முந்தி, இந்தக் குளிர்காலமே நீண்ட கொன்ட்ராக்ட் பேசிப் பாருங்க. குணப் பட்டியல்ல பேராசை கூட எண்டு காட்டினா, இல்லாட்டி கேக்கிற தொகை தாங்க ஏலாதெண்டா, அடுத்த குளிர்காலம் வித்திருங்க. 3 வருசம் மிச்சமுள்ள ஆளுக்கும் 1 வருசம் மிச்சமுள்ள ஆளுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும்.

கல்லடிப்_பாலம்:

நல்லா விளங்குது, நன்றி. அப்ப இன்னும் மூணு விசயம். ஒண்டு, வேணுமெண்டே தோத்து அடுத்த வருசம் முதல் பிக் எடுக்கிறது நல்லமா? ரெண்டு, 3ஆவது பிக்குக்கு பிட்சரா பெட்டரா? மூண்டு, சிம் (கேம்ல மெச்சுகள ஓட்டுறது) அமெரிக்க கிழக்கு நேரம் ராத்திரி 8 மணிக்கு, திங்கள், புதன், வெள்ளி. எக்ஸ்போர்ட்ட (நான் செஞ்ச அணி மாற்றங்கள் உள்ள ஃபைல்) எப்ப அனுப்பிறது சரி?

செங்கலடி_ஷோர்ட்ஸ்டொப்:

வேணுமெண்டே தோக்கிறதப் பத்திக் கதைச்சா எல்லாரும் உண்மையான மேஜர் லீக் அணி ஹூஸ்டன் அஸ்ட்ரோஸக் காட்டுவாங்க. 2011ல 106 தோல்வி, 2012ல 107, 2013ல 111, மறுகா 2017ல சம்பியன். அந்தச் சம்பியன் பட்டத்தில சைகை திருடின கறையும் இரிக்கு, அது வேற கதை. ஆனா அவங்கட முதல் பிக்குகளப் பாருங்க. 2012ல கார்லோஸ் கொரேயா, நட்சத்திரம். 2013ல மார்க் அப்பெல், மேஜர் லீக் மண்ண மிதிச்சது 2022ல, அதுவும் ஃபிலடெல்பியா அணிக்கு. 2014ல ப்ராடி எய்க்கன், கையெழுத்தே போடல்ல. அதுக்கு நட்டஈடாக் கிடைச்ச 2015 ரெண்டாவது பிக்லதான் அலெக்ஸ் ப்ரெக்மன் வந்தான். மூணு முதல் பிக்ல பலிச்சது ஒண்டு. பலிக்காத ரெண்டும் பிட்சர். உங்கட ரெண்டாவது கேள்விக்கும் பாதி பதில் அதுக்குள்ளயே இரிக்கு.

கொரேயாட கணக்கு இன்னும் சுவாரசியம். அந்த இடத்துக்கு ஒதுக்கின தொகை 7.2 மில்லியன், அவனுக்குக் குடுத்தது 4.8. மிஞ்சின காச வச்சு 41ஆவது பிக்ல லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 2.5 மில்லியன் குடுத்து இழுத்தாங்க. உங்கட லீக்ல ட்ராப்ட் போனஸுக்கு உச்ச வரம்பு இரிந்தா இதே வழி செய்யலாம். 3ஆவது பிக்ல உங்களுக்குச் சமமாத் தெரியிற ரெண்டு பேர்ல குறைவாக் கேக்கிறவன எடுங்க. மிச்சத்த, கூடக் கேக்கிறதால கீழ விழுந்த ஹை ஸ்கூல் பொடியனுக்கு ரெண்டாம் மூண்டாம் சுற்றில போடுங்க.

தோக்கிறதுக்கு முந்தி லீக் விதியப் பாருங்க. உண்மையான மேஜர் லீக்லயே 2023 ட்ராப்ட்ல இருந்து முதல் பிக்குகளுக்கு லொட்டரி. கடைசி மூணு அணிக்கும் முதல் பிக் வாய்ப்பு ஆளுக்கு 16.5 சதவீதம்தான். உங்கட லீக்லயும் லொட்டரி இரிந்தா 111 தோத்தவனுக்கும் 101 தோத்தவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அதோட இந்தக் கேம்ல அணி தோக்கத் தோக்க ரசிகர் ஆர்வம் இறங்கும், டிக்கட் வருமானம் இறங்கும், ஓனர் பட்ஜெட்ட வெட்டுவார். மூண்டாவது வருசம் நல்ல பொடியங்கள் மேல வரக்குள்ள செலவழிக்கக் காசு இரிக்காது. புல்பென் சொன்ன மாதிரி வயசான ஆக்கள விப்பம், நானா சொன்ன மாதிரி பீல்டிங்கக் கட்டுவம், 68 வந்தா வரட்டும். அது கெட்டதில்ல.

பிட்சரா பெட்டரா எண்டா, சமமா இரிந்தா பெட்டர். பிட்சர் எடுத்தே ஆகணுமெண்டா ஸ்டஃப், மூவ்மென்ட், கொன்ட்ரோல் மூணோட நிக்காம, எத்தனை பந்து நல்லாப் போடுறான் எண்டு பாருங்க. மூணு நல்ல பந்தும் ஸ்டெமினாவும் இல்லாட்டி அவன் எப்பயும் ரிலீவர்தான், 3ஆவது பிக்க அதுக்குப் போடக் கூடாது. காயம் வாற தன்மை ‘ஃப்ரெஜைல்’ எண்டு காட்டினா விடுங்க. உழைப்பு, புத்தி ரெண்டும் கூட எண்டா, பொட்டன்ஷியல் 5 குறைஞ்ச ஆளையும் நான் மேல வைப்பன். ஸ்கவுட் சொல்ற பொட்டன்ஷியல் ஒரு ஊகம்தானே, ஸ்கவுட்டிங் பட்ஜெட் குறைவெண்டா இன்னும் மோசம்.

எடுத்த பொடியன அவசரப்பட்டு மேல ஏத்தாதீங்க. ஒரு லெவல்ல வடிவா அடிச்சு, ஸ்ட்ரைக்அவுட்டும் கட்டுக்குள்ள இரிந்தா ஏத்துங்க. நூறு தரம் பெட் பிடிச்சா முப்பதுக்கு மேல ஸ்ட்ரைக்அவுட் எண்டா அங்கயே இரிக்கட்டும். ஒரே லெவல்ல ரெண்டு ஷோர்ட்ஸ்டொப் ப்ரொஸ்பெக்ட போட்டு ஒருத்தன பெஞ்ச்ல வைக்கிறதுதான் கூட நடக்கிற அநியாயம். விளையாடாதவன் வளர மாட்டான். கிழமைக்கு ஒருக்கா மைனர் அணிகள்ட வரிசையத் திறந்து பாருங்க.

இன்னொண்டு. அணி மோசமெண்டதால கிடைக்கிற சலுகைகள ஆக்கள் மறந்து போறாங்க. வேவர்ல (மற்ற அணிகள் எடுக்கலாமெண்டு) விடுற ஆள எடுக்க ஆகக்குறைஞ்ச வெற்றி எடுத்த அணிக்குத்தான் முதல் உரிமை. தினமும் பட்டியலப் பாருங்க, நானா கேட்ட பீல்டிங் ஆள் அங்கயே வரலாம். டிசம்பர்ல ரூல் 5 ட்ராப்ட். 18 வயசில இல்லாட்டி அதுக்கு முந்திக் கையெழுத்துப் போட்டவன 5 சீசனுக்குப் பிறகும், 19 வயசில இல்லாட்டி அதுக்குப் பிறகு போட்டவன 4 சீசனுக்குப் பிறகும் 40 பேர் பட்டியல்ல சேக்காம விட்டா மற்ற அணி எடுக்கலாம். விலை ஒரு லட்சம் டொலர். ஆனா முழு சீசனும் உங்கட 26 பேர்ல வச்சிரிக்கணும், இல்லாட்டி பழைய அணிக்குத் திருப்பிக் குடுக்கணும். வெல்லுற அணிக்கு அது பாரம், உங்களுக்கு பெஞ்ச்ல இடம் சும்மா கிடக்குது. முதல்ல உங்கட 40ல ஒரு இடத்த வெட்டி வைங்க, நிறைஞ்சிரிந்தா எடுக்க ஏலாது. உங்கட பொடியங்கள்ல பாதுகாக்க வேண்டிய ஆக்களையும் அதே நேரம் சேருங்க.

கல்முனை_புல்பென்:

செங்கலடி சொன்னதில ஒண்டு கூட்டுறன். ப்ரொஸ்பெக்ட மேல கொண்டுவரக்குள்ள சர்வீஸ் நாளப் பாருங்க. 172 நாள் ஒரு வருசம், சீசன் 187 நாளுக்குக் கிட்ட. தொடக்கத்தில 16 நாள் மைனர்ல வச்சிட்டு ஏத்தினா அந்த வருசம் முழு வருசமாக் கணக்கு வராது, இன்னொரு சீசன் கூடுதலா உங்கட கைல. உண்மையான லீக்ல இப்ப ரூக்கி (முதல் வருச ஆள்) விருது வாக்கெடுப்பில முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தா முழு வருசம் குடுக்கிறாங்க. உங்கட கமிஷனர் அந்த விதியப் போட்டிரிக்காரா எண்டு கேளுங்க.

ஃப்ரீ ஏஜன்ட் ஸ்டார்ட்டர் (மெச்சத் தொடங்கிற பிட்சர்) ரெண்டு பேரை ஒரு வருசக் கொன்ட்ராக்ட்ல எடுத்து ஜூலைல விக்கலாம். இப்ப ஏலத்துக்குப் போகாதீங்க. வேலை கிடைக்காதவன் பெப்ரவரில கேக்கிற விலை நல்லா இறங்கியிரிக்கும்.

ஒலுவில்_நானா:

சிம் நேரம் ஒருத்தரும் சொல்லல்ல. அமெரிக்கால கோடை நேரம் ஓடக்குள்ள அவங்கட ராத்திரி 8 மணி எண்டா இலங்கைல நமக்கு அடுத்த நாள் விடிய 5.30. நவம்பர்ல மணிக்கூட்டப் பின்னுக்கு வச்ச பிறகு 6.30, மார்ச்ல திரும்ப 5.30. அப்ப உங்களுக்கு சிம் செவ்வாய், வியாழன், சனி காலைல. எக்ஸ்போர்ட்ட முந்தின நாள் ராத்திரி 10 மணிக்குள்ள அனுப்பிருங்க. விடிய எழும்பி அனுப்பலாம் எண்டு விட்டா மாரி மழைக்கு மட்டக்களப்பில கரண்ட் போற நாள் அணி பழைய வரிசையோடயே ஓடும். அனுப்ப முந்தி புது லீக் ஃபைல இறக்கித் திறந்து, காயப்பட்டவன் வரிசைல நிக்கிறானா எண்டு பாருங்க. பழைய ஃபைல்ல இருந்து செஞ்ச எக்ஸ்போர்ட் ஏறாது. அனுப்பினாப் பிறகு லீக் பக்கத்தில உங்கட அணிக்கு நேர இண்டைய திகதி விழுந்திரிக்கா எண்டும் பாருங்க.