புதுப்பிப்பு: ஸ்மோக்கருக்கு பிஐடி கன்ட்ரோலர் மாட்டியாயிற்று

இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் வீட்டு எலக்ட்ரிக் ஸ்மோக்கர் 107 டிகிரி செல்சியஸில் நிற்காமல் ஏறி இறங்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பிஐடி கன்ட்ரோலர், அதாவது சூட்டை அளந்து கரண்டைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி, போடச் சொன்னீர்கள். போட்டாயிற்று, இப்போது இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஆட்டமில்லை.

பழைய தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது ஆன், ஆஃப் மட்டும்தான். ஆஃப் ஆன பிறகும் சூடேற்றும் காயிலில் தங்கிய சூடு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். பிஐடியோ இலக்கை நெருங்க நெருங்கக் கரண்ட் விடும் நேரத்தைக் குறைத்துவிடுகிறது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை இறைச்சித் தட்டின் உயரத்திலேயே வைத்தேன், ஆனால் கொஞ்சம் தள்ளி. குளிர்ந்த இறைச்சியை ஒட்டி வைத்தால் அளவு குறைத்துக் காட்டும்.

கன்ட்ரோலர் சொல்படி காயிலுக்குக் கரண்ட் விடும் எலக்ட்ரானிக் சுவிட்சான எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே) வாங்குபவர்களுக்கு ஒன்று. அது பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் கேட்காது. அதனால் பழைய தெர்மோஸ்டாட்டை எடுக்காமல், உச்சத்தில் திருப்பி, காயிலோடு தொடரிணைப்பில் விட்டிருக்கிறேன்; சூடு மிஞ்சினால் அது கரண்டை வெட்டிவிடும். எஸ்எஸ்ஆரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் கட்டாயம். எஸ்எஸ்ஆர் பெட்டியில் 25 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை எல்லாம் நம்ப வேண்டாம்.

சரி, எதிர்பாராத தலைவலி ஒன்று: புகை குறைந்துவிட்டது! முன்பு காயில் முழுச் சூட்டில் நெடுநேரம் எரியும், மரச்சீவல் கருகிப் புகையும். இப்போது சின்னச் சின்னத் துடிப்பாக எரிவதால் சீவல் வெறுமனே காய்கிறது. துளையிட்ட எஃகுக் குழாயில் மரத்தூள் குச்சிகளைப் போட்டு, தனியே பற்றவைத்து உள்ளே வைத்தேன். அப்புறம்தான் கோழித்தொடையில் பழைய நிறம் வந்தது.