பெய்ஜிங், சியான், ஷாங்காய்: ரயிலா, விமானமா?

கம்பம்மெட்டு:
வீட்டம்மா பிறந்தநாளுக்கு அக்டோபரில் இருவரும் கொச்சியிலிருந்து சீனா கிளம்புகிறோம். ஊர்களுக்கு இடையே எதில் போவது? பணம் கொடுப்பது எப்படி? அவர் சுத்த சைவம்.

செங்கோட்டை:
அண்ணே, அக்டோபர் முதல் வாரம் அங்கே தேசிய விடுமுறை, கூட்டம் தாங்காது. 10ஆம் தேதிக்கு மேல் வையுங்கள். ரயிலேதான் நல்லது. பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கி.மீ., வேகமான வண்டியில் நாலரை மணி நேரம். முன்பதிவு 15 நாளுக்கு முன் திறக்கும். பாஸ்போர்ட்தான் டிக்கெட், பெயரோ எண்ணோ பிசகினால் ஏறவே முடியாது. தானியங்கி வாசல் நம் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஊழியர் நிற்கும் வரிசைக்குப் போங்கள். பெய்ஜிங்கில் நிலையங்கள் பல, ஷாங்காய் வண்டிகள் பெரும்பாலும் தெற்கு நிலையத்தில். பெய்ஜிங்கின் பழைய அரச மாளிகையான அரண்மனை அருங்காட்சியகத்துக்கு 7 நாள் முன்பே பதிவு செய்யுங்கள், திங்கள் விடுமுறை.

புனலூர் தமிழன்:
அலிபே என்ற சீனப் பணப் பரிமாற்றச் செயலியில் விசா அல்லது மாஸ்டர்கார்டை இங்கேயே இணைத்துவிடுங்கள். அதற்கு முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் அட்டை நிராகரிக்கப்படும். ஓடிபி வர நம்மூர் சிம்மில் ரோமிங் அவசியம். ஓட்டல் வைஃபையில் வாட்ஸப் வராது, ரோமிங்கில் வரும்.

குமுளி அக்கா:
சாப்பாடுதான் கவனம் தம்பி. காய்கறியையும் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள், சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். இறைச்சி, மீன், முட்டை, கொழுப்பு, சிப்பி சாஸ் வேண்டாம் என்று சீன எழுத்தில் அச்சடித்துக் காட்டுங்கள். பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் நம்பகமானவை. பிறந்தநாளுக்கு அங்கே நீள நூடுல்ஸ் சாப்பிடுவது வழக்கம். அதன் குழம்பு எதில் வெந்தது என்று கேட்டு வாங்கிக்கொடுங்கள்.