வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கிளைக் காசாளர்:
2018. அரசு வங்கி, பெயர் வேண்டாம். ஊழியர் பங்குத் திட்டம் எப்படி நடக்கும் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். சந்தை விலையில் தள்ளுபடி, ஓராண்டுக்கு விற்கக் கூடாது. விருப்பமுள்ளவர்கள் வாங்கலாம் என்றது சுற்றறிக்கை. இன்னும் யார் யாருக்கு விருப்பம் வரவில்லை என்ற பட்டியல் தினமும் மாலையில் மண்டல அலுவலகத்திலிருந்து வந்தது. நானும் கடன் போட்டு வாங்கினேன். நஷ்டம்தான், அது போகட்டும்.

உறுத்துவது வேறு. லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஆட்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் எடுக்க வெள்ளிக்கிழமைதோறும் வருவார். “உங்கள் வங்கிப் பங்கு வாங்கலாமா சார்?” என்றார். நோட்டை எண்ணிக்கொண்டே, “நானே வாங்கியிருக்கிறேன்” என்றேன். வரிசை நீளமாக இருந்தது, அவரை நகர்த்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர் 500 பங்கு வாங்கினார், முழு விலையில். என் தள்ளுபடியையும் சொல்லவில்லை, அந்தப் பட்டியலையும் சொல்லவில்லை.

ஓசூர் ஷிப்டு:
எங்கள் கதை நேர்மாறு. கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது ஊழியர்களுக்கென்று தனியாகப் பங்கு ஒதுக்கியிருந்தார்கள். கேன்டீனில் நாள் முழுக்க இன்ஃபோசிஸ் புராணம்: 1993இல் 95 ரூபாய்க்கு வந்ததாம், அப்போது சீந்த ஆளில்லையாம், வைத்திருந்தவன் எல்லாம் கோடீஸ்வரனாம். நான் விண்ணப்பத்தை நிரப்பிப் பூட்டி வைத்துவிட்டு, கடைசி நாளன்று இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்கிவிட்டேன். பக்கத்து இயந்திரத்துக்காரன் வாங்கினான். அவன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் மாடிப்படியைத் தட்டி, “இது கம்பெனி கட்டிக் கொடுத்தது” என்றான். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால் பரவாயில்லை.

ஓ.எம்.ஆர். வாசி:
காசாளர் ஐயா, குறை பங்கில் இல்லை, விற்காமல் வைத்திருந்ததில் இருக்கிறது. எங்கள் தாய் நிறுவனம் அமெரிக்காவில். ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்து, 15 சதவீதத் தள்ளுபடியில் பங்கு தருவார்கள். கணக்கில் ஏறிய அன்றே விற்றுவிடுவேன். ஒரே ஒரு தடவை வைத்திருந்தேன். அந்த முறை ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அறிவிப்பு வந்த அன்று பங்கு நான்கு சதவீதம் ஏறியது.

சரி, புதியவர்களுக்குச் சில விஷயங்கள். 100 ரூபாய்ப் பங்கு 85க்குக் கிடைத்தால் போட்ட பணத்துக்கு லாபம் 15 அல்ல, 17.6 சதவீதம். ஆனால் அந்த 15 ரூபாயும் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். விற்கும்போது வரும் லாபத்துக்குத் தனி வரி. வாங்கிய நாளின் சந்தை விலையைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவீர்கள். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அதற்குக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, நம் ஏப்ரல் கணக்கு செல்லாது. வாரிசு நியமனம் செய்யுங்கள். மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நிறுவனத்தில் வைக்காதீர்கள். ஓசூர்க்காரரே, அலாரம் வையுங்கள்.

கரூர் மருமகள்:
வாசி அவர்களே, உங்கள் வேலை போனதால் உங்கள் பங்கு விலை ஏறியிருக்கிறது. அதை ஒரு வரியில் தாண்டிவிட்டு, யாரும் கேட்காத வரிப் பாடம் நடத்துகிறீர்கள்! தள்ளுபடி என்பது சும்மா வரும் பணமும் அல்ல. எல்.ஐ.சி. 2022 மே மாதம் பங்கு வெளியிட்டபோது ஊழியர்களுக்கு 45 ரூபாய் குறைத்து 904க்குக் கொடுத்தார்கள். சந்தைக்கு வந்த முதல் நாள் மும்பைப் பங்குச் சந்தையில் தொடங்கிய விலையே 867. தொடங்கியதுமே விற்றவருக்கும் நஷ்டம்தான்.

எங்கள் ஊரில் இதைப் பேசினால் லட்சுமி விலாஸ் வங்கியில்தான் வந்து நிற்கும். நொடிந்துபோன அந்த வங்கியை 2020 நவம்பரில் சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தபோது வைப்புத்தொகை தப்பியது. பங்கு மூலதனத்தை மொத்தமாக எழுதித் தள்ளிவிட்டார்கள், ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. அதுவரை டெபாசிட்டும் பங்கும் ஒன்றுதான் என்று நினைத்திருந்த என் மாமனார், பத்திரங்களை இன்னும் பூஜை அறையில் வைத்திருக்கிறார்.

கணக்குப்பிரிவு:
நான் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. காலாண்டு முடிந்த நாளிலிருந்து, அதன் லாப நஷ்டக் கணக்கு வெளியாகி 48 மணி நேரம் வரை எங்களைப் போன்றவர்கள் கம்பெனிப் பங்கைத் தொடக் கூடாது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அந்தக் காலாண்டு மோசம் என்பது எனக்கு முன்பே தெரியும். மதியச் சாப்பாட்டில் கூட வேலை பார்ப்பவன், “பெண் கல்யாணத்துக்கு வைத்த பணம், நம் பங்கில் போடட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றால் உள்தகவலைக் கசியவிட்ட குற்றம். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். “நீ ஒன்றும் சொல்லவில்லை என்றால் நல்லதுதான் போலிருக்கிறது” என்று அவனாகவே எழுந்து போனான். முடிவு வெளியான வாரம் அவன் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஓ.எம்.ஆர். வாசி:
“முதலீட்டைப் பற்றி நான் பேசுவதில்லை” என்று எல்லா நாளும், எல்லோரிடமும் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அப்போது அன்றைய மௌனத்துக்கு அர்த்தம் இருந்திருக்காது.

கணக்குப்பிரிவு:
இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

ஓசூர் ஷிப்டு:
காசாளரே, அந்தப் பட்டறைக்காரர் உங்களை எதுவும் கேட்கவில்லையா?

கிளைக் காசாளர்:
கேட்கவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறார். என் கவுண்டரில் ஆளே இல்லாவிட்டாலும் பக்கத்து வரிசையில்தான் நிற்கிறார்.