பயத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பவர்களுக்கு மாற்றாக ஒருவரை எப்படி முன்னிறுத்துவது? கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி கேட்டவர்: கொழுந்துக்கூடை

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் கூடலூருக்கும் பந்தலூருக்கும் இடையில், ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-க்குள் அடங்கும், உரிமை இன்னும் தீராத நிலத்தில் ஒன்றேகால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். எங்கள் ஊரில் கொழுந்து எடை போடும் ஷெட்டில்தான் எல்லாக் கட்சிக் கூட்டங்களும் நடக்கும். சென்ற தேர்தலுக்கு அங்கே வந்த ஒருவர், "நாங்கள் இல்லையென்றால் உங்களை என்றோ காலி செய்திருப்பார்கள்" என்று பேச்சைத் தொடங்கினார். மறுநாள் வந்த எதிரணிக்காரர், "அவர்கள் திரும்ப வந்தால் உங்களைக் காலி செய்துவிடுவார்கள்" என்று தொடங்கினார். இரண்டு கூட்டங்களிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் பாட்டியின் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் வீட்டு வரி ரசீதுகள், பழைய ரேஷன் அட்டை, பட்டா கேட்டுக் கொடுத்த மனுக்களின் நகல்கள். மடிப்பில் கிழிந்த ரசீதுகளுக்குப் பின்புறம் டேப் ஒட்டியிருக்கிறார். எங்கள் ஊர் மழையின் ஈரத்தில் அந்த டேப்பும் மஞ்சளாகிச் சுருண்டுவிட்டது. இதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் அந்த டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னதில்லை. ஆனாலும் அவர் அதை எடுத்துக்கொள்ளாமல் போனதில்லை.

வரும் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு எங்களில் ஒருவரையே நிறுத்தலாம் என்று இளைஞர்கள் சிலர் பேசி வருகிறோம். "பயத்தை விடுங்கள், நம்பிக்கையோடு வாருங்கள்" என்று ஒரு துண்டறிக்கை எழுதி, முதலில் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "பயப்படாதே என்று சொல்கிறவன் வீட்டில் பட்டா இருக்கும்" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உண்மையான காரணம் உள்ள ஒரு பயத்தை வைத்து அரசியல் நடக்கும் இடத்தில், துணிவையும் நம்பிக்கையையும் எதன்மேல் நிறுத்துவது?

பதில் 1: பழைய எழுத்தர், குன்னூர்

அம்மா, உங்கள் பாட்டி சொன்னதில் பிழையில்லை. அந்தப் பயத்தை எந்தக் கட்சியும் பெற்றெடுக்கவில்லை. கட்சிகள் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன, அவ்வளவுதான். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, ஒழித்து, உழுபவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்றுவதற்கான சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதன்படி காடுகளை அரசு எடுத்துக்கொள்வது செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-இல் அரசியலமைப்பைத் திருத்தி அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தார்கள். அப்படி வைப்பது சரியா என்ற வழக்கு நீண்டுகொண்டே போய், 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்துவிட்டால் நீதிமன்றம் தொட முடியாது என்ற நிலையை மாற்றிய அந்தத் தீர்ப்பை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அதன் வேர் உங்கள் தேயிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது படிக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. நாட்டுக்கு ஒரு கோட்பாடு கிடைத்தது. உங்கள் பாட்டிக்கு டப்பா மிஞ்சியது.

தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய பிரிவு 17-இன் சிக்கலை ஒரு வார்டு உறுப்பினரால் அவிழ்க்க முடியாது. இதை உங்கள் வேட்பாளர் முதல் கூட்டத்திலேயே, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. "பட்டா வாங்கித் தருவது என் கையில் இல்லை, அது சட்டமன்றத்தின், நீதிமன்றத்தின் வேலை" என்று சொல்லிவிட்டு, தெருவிளக்கு, நடைபாதை, குடிநீர், வரி ரசீது என்று தன் கையில் இருப்பதை மட்டும் பேசட்டும். வன உரிமைச் சட்டம் பற்றியும் அரைகுறையாக ஆசை காட்டக் கூடாது. பழங்குடியினர் அல்லாதவர்கள் அதில் உரிமை கோர வேண்டுமானால், 2005 டிசம்பர் 13-க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். உங்கள் ஊரில் பலருக்கு அது பொருந்தாது. பொருந்தாது என்று சொல்லிவிடுவதும் துணிவுதான்.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். பணியில் இருந்த காலத்தில், ஒன்றும் நடக்காது என்று தெரிந்தே எத்தனையோ மனுக்களுக்கு எண் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த எண்ணைப் பார்த்ததும் மனு கொடுத்தவர் முகம் தெளியும். அந்தத் தெளிச்சியை நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் 2: வரலாற்று வாத்தியார், கோத்தகிரி

கேட்டவரின் பாட்டிக்கு நேரான பதில் என்னிடமும் இல்லை. ஆனால் பயத்தால் ஆண்ட ஓர் அரசை மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கிய ஒரு நிகழ்வை விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1973-இல் ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்த பினோசே, 1988 அக்டோபர் 5 அன்று, தான் இன்னும் எட்டு ஆண்டுகள் நீடிக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். ஆம், இல்லை என்று இரண்டே விடைகள். இரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் தினமும் 15 நிமிடம் கிடைத்தது. "இல்லை" தரப்பினரில் பலர், காணாமற்போனவர்களையும் சித்திரவதைகளையும் அந்த 15 நிமிடத்தில் காட்ட வேண்டும் என்று விரும்பினார்கள். அது அவர்களின் நியாயமான உரிமையும்கூட. ஆனால் பிரசாரத்தை வகுத்தவர்கள், ஏற்கெனவே பயந்து கிடப்பவர்களுக்கு மேலும் பயத்தைக் காட்டினால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று கணித்து, வானவில்லைச் சின்னமாக வைத்து, மகிழ்ச்சி வரப்போகிறது என்று பாடினார்கள். துயரத்தை முற்றிலும் மறைக்கவுமில்லை. காணாமற்போனவர்களின் வீட்டுப் பெண்கள் துணையில்லாமல் தனியாக ஆடும் நடனம் அதில் இடம்பெற்றது. ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் "இல்லை" என்று வாக்களித்தார்கள்.

இதுவரைதான் எல்லோரும் சொல்வார்கள். விடுபடும் பாதி என்னவென்றால், பாட்டுக்கு முன்பே நடந்த வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடு வீடாகப் போனார்கள். உங்கள் ஓட்டை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதைத் திரும்பத் திரும்ப விளக்கினார்கள். வாக்குச்சாவடிகளில் தங்கள் ஆட்களை அமர்த்தி, அரசின் எண்ணிக்கையை நம்பியிராமல் தாங்களே தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அரசு இழுத்தடித்த அந்த இரவில், அரண்மனைக்குள் நுழைந்துகொண்டிருந்த விமானப்படைத் தளபதியே "இல்லை" வென்றுவிட்டது என்று செய்தியாளர்களிடம் சொல்ல நேர்ந்தது. ஆகவே துண்டறிக்கையில் என்ன எழுதுவது என்பதைவிட, ஓட்டுப் போடுகிறவர் தன் ஓட்டு தன்னோடு இருக்கும் என்று நம்புகிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள்.

பதில் 3: லைன் வீட்டுப் பேத்தி

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்தபோது எங்கள் கதைதான் நினைவுக்கு வந்தது. மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தாவும் அப்பாவும் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். எந்தத் தோட்டம் என்று எழுத விரும்பவில்லை. ஒரு சட்டமன்றத் தேர்தல் முடிந்த மூன்றாம் நாள், காலையில் மஸ்டர் என்ற ஆள் கணக்கு எடுக்கும்போது ஒரு மேஸ்திரி அப்பாவிடம், "நம்ம லைன்காரர்கள் (தோட்டக் குடியிருப்பு வரிசை வீட்டுக்காரர்கள்) இந்தத் தடவை மாற்றிக் குத்திவிட்டீர்கள் போலிருக்கிறதே" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓட்டு ரகசியம் என்ற சொல்லை யாரும் நம்பியதில்லை.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். ஓட்டுச் சீட்டுக் காலத்தில், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணுவதற்குத் தேர்தல் நடத்தை விதிகளில் 59-ஏ என்ற விதி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியாகத் தெரிகிறது. படிவம் 20 என்ற பெயரில் அது வெளியிடவும் படுகிறது. ஊட்டி நகரத்தில் இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே தோட்டத்து லைன் வீடுகள் மட்டும் ஓட்டுப் போடும் சாவடியில், தனி ஆளின் ஓட்டு மறைந்திருந்தாலும் ஊரின் ஓட்டு அம்மணமாக நிற்கிறது. பல இயந்திரங்களைச் சேர்த்து ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. பயத்தை எதிர்த்துப் பேசுவதாகச் சொல்லும் எந்தத் தலைவரும் எங்கள் மலையில் மேடை ஏறி இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்று. சிலி வாக்கெடுப்பு நடந்த அதே ஆண்டு, இரண்டு மாதம் கழித்து, டிசம்பரில், கூடலூர்ச் சாலையில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் என்று சுமார் 10,000 ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலமாக நடந்தார்கள். தலைமுறை தலைமுறையாக முதலாளி வீட்டு முற்றத்தில் குனிந்து நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எண்ணிக்கையிலிருந்து என்றுதான் சொல்வேன். தனியாக நின்றபோது பயந்தவர், பக்கத்தில் ஆயிரம் பேர் நடக்கும்போது நடந்தார். அதன் பின்பு தங்கள் நிலத்தில் காபியும் தேயிலையும் மிளகும் நட்டார்கள். எந்தப் பேச்சையும்விட, வேர் பிடித்த செடி அங்கே உறுதியான சாட்சியாக நின்றது.

பதில் 4: நடுவட்டம் சந்தேகி

நல்ல பதில்கள். ஆனால் நம்பிக்கை என்ற சொல்லை எல்லோரும் மிகவும் சுத்தமானதாக வைத்துப் பேசுகிறீர்கள். "காலி செய்துவிடுவார்கள்" என்பது எவ்வளவு பழையதோ, "அடுத்த ஆட்சியில் பட்டா நிச்சயம்" என்பதும் அவ்வளவு பழையது. முன்னதைவிடப் பின்னதுதான் மக்களை அதிக ஆண்டுகள் கட்டிப்போட்டிருக்கிறது. பயந்தவன் ஒரு நாள் கோபப்படுவான். ஆசை காட்டப்பட்டவன் காத்துக்கொண்டே இருப்பான். உங்கள் வேட்பாளர் எந்தத் தேதிக்குள் எதைச் செய்வார், செய்யாவிட்டால் யார் முன்னால் வந்து நின்று காரணம் சொல்வார் என்று எழுதித் தர மறுத்தால், அவர் விற்பதும் பழைய சரக்குதான். யானை வழித்தடத்தில் இருக்கும் நிலங்களையும் கட்டடங்களையும் பற்றிய வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, மசினகுடிப் பக்கம் ஒருவர்கூட மக்களிடம் போய், இதில் நமக்குத் தோல்வி, இனி இன்னின்ன வழிகள்தான் உண்டு என்று தெளிவாகச் சொல்லி நான் கேட்கவில்லை. தோல்வியை ஊருக்குச் சொல்லத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கொழுந்துக்கூடை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. லைன் வீட்டு அக்கா சொன்ன படிவம் 20-ஐத் தேடி எடுத்து, எங்கள் சாவடிக்கான வரியைப் பாட்டியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். நீங்கள் இதில் தெரிய மாட்டீர்கள், ஊர் மட்டும்தான் தெரியும் என்றேன். "அப்படியானால் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரே மாதிரிப் போட்டால் மேஸ்திரி யாரைக் கேட்பான்?" என்றார். எங்கள் வார்டில் ஒன்றிரண்டு சாவடிகள்தான் வரும் என்பதால் எண்களைக் கலக்க வழியில்லை. அவர் சொன்ன வழி ஒன்றுதான் எங்களுக்கு இருக்கிறது என்று படுகிறது.

பழைய துண்டறிக்கையைக் கிழித்துவிட்டோம். புதியதில் இரண்டு பத்திகள்தான். எங்கள் வேட்பாளரால் முடியாதவை முதலில் வருகின்றன, பட்டாவும் அதில் உண்டு. முடிந்தவை தேதியோடு பின்னால் வருகின்றன. எழுத்தர் ஐயா, "பட்டா என் கையில் இல்லை" என்ற வரியைப் போட வேண்டாம், ஓட்டுப் போய்விடும் என்று எங்களில் இருவர் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வண்டி போன பிறகு ஷெட்டில் உட்கார்ந்து முடிவு செய்கிறோம். அன்றைக்கு வருகிறவர்கள் அவரவர் டப்பாவை எடுத்து வந்து, உள்ளே இருப்பதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஒட்டுவதற்குப் புது டேப் வாங்கிவரச் சொல்லி பாட்டி இருபது ரூபாய் கொடுத்திருக்கிறார்.